ஸ்லாட் மெஷின் டிக்கெட் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடித்தல்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்துவிட்டுக் கப்பலுக்குப் போகிற பிள்ளைகளில் பலர் எஞ்சின் அறைக்கோ சமையலறைக்கோதான் போகிறார்கள். சிலருக்கு மட்டும் காசினோ தளத்தில், பணம் போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷின்களைப் பழுதுபார்க்கும் ஸ்லாட் டெக்னீஷியன் வேலை வாய்க்கிறது. எனக்கு அப்படி வாய்த்தது. இப்போது தக்கலையில் வீட்டோடு இருக்கிறேன். குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் போகும் முன் வந்து கேட்கிற சந்தேகங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை: பணத்துக்குப் பதிலாக மெஷின் தருகிற டிக்கெட். 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் நடப்பிலுள்ள நம் மாநிலத்தில் காசினோ கிடையாது என்பதால், கோவாவிலோ சிங்கப்பூரிலோ கப்பலிலோ வேலைக்கு நிற்கிற முதல் நாளில்தான் நம் பிள்ளைகள் அந்த மெஷினை நேரில் பார்க்கிறார்கள். அதற்கு முன்பே கோளாறுகளை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ள இந்தக் குறிப்பு உதவும்.

கோளாறு என்றதும் சாவியை எடுத்துக் கதவைத் திறப்பது கைப்பழக்கம். எனக்கு வேலை கற்றுத்தந்தவர் கடியபட்டணத்துக்காரர். அவரை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் அழைப்போம். முதல் வாரத்தில் நான் சாவியோடு மெஷினை நோக்கிப் போனபோது, "மக்கா, சாவியப் பையில வை. பைசா எங்க நிக்குன்னு மொதல்ல பாரு" என்றார். கீழே வருகிற ஒவ்வோர் அறிகுறியிலும் நான் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். காகிதம் சிக்குவது சிறிய பழுது. ஒரே பணத்தை இரண்டு முறை கொடுப்பதும், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் விடுவதும் வேலையைப் பறிக்கக்கூடிய பிழைகள்.

டிக்கெட் பிறக்கும் வழி

விளையாடுகிறவர் பணத்தைத் திரும்ப எடுக்கக் கேஷ் அவுட் பொத்தானை அழுத்துகிறார். மெஷினில் அவருக்கு மிச்சமிருக்கும் பணத்தைக் காட்டும் கிரெடிட் மீட்டரில் இருக்கும் தொகைக்கு ஒரு சரிபார்ப்பு எண் வேண்டும். டிக்கெட்டில் 18 இலக்கங்களாக அச்சாவது அந்த எண்தான். அதை உருவாக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், ஒவ்வொரு முறையும் சர்வரிடம் கேட்டு வாங்க வேண்டும். மற்றொன்றில், சர்வர் முன்கூட்டியே கொடுத்து வைத்த ஓர் அடையாள எண்ணையும் வரிசை எண்ணையும் கொண்டு மெஷினே கணக்கிட்டுக்கொள்ளும். நீங்கள் வேலை செய்யும் தளத்தில் எந்த முறை நடப்பில் உள்ளது என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் வலைத்தொடர்பு அறுந்தால் இந்த இரண்டு முறைகளும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

மெஷினுக்கும் சர்வருக்கும் நடுவே, மெஷினின் வயிற்றுக்குள் ஒரு சிறு பலகை இருக்கும். அதை எல்லோரும் ஸ்மிப் என்பார்கள். அந்தப் பலகை மெஷினோடு எஸ்.ஏ.எஸ். என்னும் நெறிமுறையில், நொடிக்கு 19,200 பிட் வேகத்தில், ஓயாமல் நலம் விசாரித்துக்கொண்டே இருக்கும். டிக்கெட் அச்சானதும் மெஷின் அதை அறிவிக்கும். பலகை தொகையையும் எண்ணையும் வாங்கிச் சர்வரில் பதிய வைக்கும். பதிவான பிறகுதான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. ஆகவே எந்த நொடியிலும் பணம் கிரெடிட் மீட்டரில் நிற்கலாம், பிரிண்டரில் பாதி வழியில் நிற்கலாம், டிக்கெட்டைத் திரும்ப வாங்கும் வேலிடேட்டரின் வாயில் நிற்கலாம், சர்வரின் கணக்கில் நிலுவையாகவும் நிற்கலாம். தொடர்பு அறுந்த நேரம் நீங்கலாக, இந்த நான்கையும் தவிர வேறு இடம் இல்லை.

பொத்தானை அழுத்தியும் டிக்கெட் வரவில்லை. திரையில் பிரிண்டர் கோளாறு என்று வருகிறது

பணம் கிரெடிட் மீட்டரிலேயே நிற்கிறது. திரையில் தெரியும் தொகையை விளையாடுகிறவர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அட்டெண்டன்ட் அருகில் இருந்தால் அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கதவைத் திறக்கலாம்.

பெரும்பாலும் காகிதம் தீர்ந்திருக்கும். டிக்கெட்டுகள் சுருளாக வருவதில்லை. விசிறி மடிப்பாக, ஒரு கட்டாக வரும். கட்டை எந்தப் பக்கம் மேலாக வைக்க வேண்டும் என்று தட்டிலேயே படம் ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்க்காமல் அவசரத்தில் கவிழ்த்து வைத்துவிட்டால், பிரிண்டர் எந்த முறையீடும் இல்லாமல் வெற்று டிக்கெட்டைத் துப்பும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். காகிதத்தின் ஓரத்தில் கறுப்புக் குறி ஒன்று இருக்கும். பிரிண்டரின் கண் அதைக் கொண்டுதான் ஒரு டிக்கெட் எங்கே தொடங்குகிறது என்று அறிகிறது. வேறு நிறுவனத்துக் காகிதத்தை மாற்றிப் போட்டாலும், அந்தக் கண்ணில் காகிதத் தூசி படிந்தாலும் குறி அகப்படாமல், காகிதம் இருக்கும்போதே "காகிதம் இல்லை" என்று காட்டும். புதிய ஆள் இரண்டு மூன்று கட்டுகளை மாற்றிப் பார்த்துக் களைத்துப்போவது இங்கேதான். கட்டை மாற்றும் முன் அந்தக் கண்ணை ஒரு தூரிகையால் துடைத்துப் பாருங்கள்.

அடுத்தது காகிதச் சிக்கல். கட்டை நேராகக் கிழித்து எடுக்காமல் மடிப்பின் நடுவே பிய்த்துவிட்டால் முதல் டிக்கெட்டின் முனை கோணலாகி, உருளைக்குள் நுழையும்போது மடங்கிக்கொள்ளும். ஈரமும் ஒரு காரணம். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசியில் வடகிழக்கு மழையும் உண்டு என்பதால், ஈரக்காற்று காகிதத்தை என்ன செய்யும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கப்பலில் அதே ஈரம் ஆண்டு முழுவதும் உப்போடு சேர்ந்து இருக்கிறது. திறந்த பெட்டியில் கிடந்த கட்டின் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இரண்டாக நுழையும். தட்டில் வைப்பதற்கு முன் சீட்டுக்கட்டைப் போல ஒருமுறை விசிறிவிட்டு வையுங்கள். பெட்டியைக் குளிர்ந்த, காய்ந்த அறையில், தரையில் படாமல் அடுக்குங்கள்.

மூன்றாவது, அச்சுத் தலையின் மூடி சரியாகப் பூட்டாமல் இருப்பது. கட்டை மாற்றியவர் மூடியை அழுத்தியிருப்பார். ஒரு பக்கம் 'டிக்' என்று கேட்டிருக்கும், மறுபக்கம் கேட்டிருக்காது. இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். பிரிண்டர் இழுப்பறையே முழுவதும் உள்ளே போகாமல் இருந்தாலும் இதே செய்திதான் வரும்.

இவை எதுவும் இல்லாமல் பிரிண்டரோடு தொடர்பே இல்லை என்று திரை சொன்னால் கம்பிகளைப் பார்க்க வேண்டும். இந்தப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. அளவுமானியை வைத்துச் சும்மா இருக்கும்போது மட்டும் அளந்தால் 24 வோல்ட் சரியாகவே காட்டும். அச்சுத் தலை சூடாகும் அந்த நேரத்தில்தான் மின்னோட்டம் பெருகும். இணைப்பியின் ஊசிகளில் உப்புப் பூத்திருந்தால் அப்போதுதான் மின்னழுத்தம் சரிந்து பிரிண்டர் அணைந்து மீண்டும் எழும். எனவே ஒரு சோதனை டிக்கெட்டை அச்சிடச் செய்துகொண்டே அளந்து பாருங்கள். கடற்காற்றில் இருசக்கர வாகனத்து பேட்டரி முனை பச்சை பூப்பதை மணவாளக்குறிச்சிப் பக்கம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் சட்டென்று வரும். உள்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு வருவதில்லை.

கோளாறு நீங்கியதும் பெரும்பாலான மெஷின்கள் நிறுத்திய இடத்திலிருந்து அச்சிடத் தொடங்கும். சில மெஷின்கள் ஹேண்ட் பே நிலைக்குப் போய்விடும். அப்போது பணத்தைக் கையில் கொடுத்து, அதற்கான சாவியால் மட்டுமே மெஷினை விடுவிக்க வேண்டும். இந்த இரண்டில் எது நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விளையாடுகிறவரிடம் வாய் திறக்க வேண்டும்.

டிக்கெட் அச்சானதாக மெஷின் சொல்கிறது. கையில் டிக்கெட் இல்லை

எல்லா அறிகுறிகளிலும் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். கிரெடிட் மீட்டர் பூஜ்ஜியம். சர்வரில் அந்தத் தொகைக்கு ஒரு டிக்கெட் பதிவாகியிருக்கிறது. எதிரே நிற்கிறவர் வெறுங்கையோடு நிற்கிறார்.

நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் இப்படி நடந்தது. டிக்கெட் வெளியேறும் வாயின் பின்புறம் உள்ள பிளாஸ்டிக் தடம் ஒரு பக்கம் திருகு கழன்று சரிந்திருந்தது. டிக்கெட் முழுவதும் அச்சாகி, வாய்க்கு வராமல் தடத்துக்குப் பின்னால் கதவுக்குள் விழுந்துவிட்டது. விளையாடிய அம்மாள் முறையிட்டார். பணியிலிருந்தவர் சர்வரைப் பார்க்காமல், அவசரப்பட்டு அந்தத் தொகையைக் கையில் கொடுத்துவிட்டார். மறுநாள் துப்புரவுக்காகக் கதவைத் திறந்தபோது அந்த டிக்கெட் வெளியே விழுந்தது; இன்னும் செல்லுபடியாகிற டிக்கெட். நல்ல வேளையாக அது விழுந்தது என் கையில். அந்தத் திருகை முடுக்க இரண்டு நிமிடம் ஆயிற்று. அறிக்கை எழுத இரண்டு மணி நேரம் ஆயிற்று.

எனவே இதில் வரிசை மாறக் கூடாது. முதலில் அந்தத் தொகையின் நிலையைச் சர்வரில் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணமாக்கப்பட்டது என்று வந்தால், யாரோ எடுத்துப்போயிருக்கிறார்கள். அது கண்காணிப்புக் கேமராக்காரர்களின் வேலை, நம்முடையது இல்லை. இன்னும் பணமாக்கப்படவில்லை என்று வந்தால் டிக்கெட் எங்கோ இருக்கிறது. கதவு, தடம், பிரிண்டரின் அடித்தட்டு, பக்கத்து மெஷினுக்கும் இதற்கும் நடுவிலுள்ள சந்து ஆகிய எல்லா இடமும் தேடுங்கள். கிடைக்காவிட்டால், அந்த எண்ணைச் சர்வரில் செல்லாததாக்கிய பிறகே கையில் பணம் கொடுக்கலாம். செல்லாததாக்கும் அதிகாரம் நமக்கு இல்லை, மேற்பார்வையாளருக்கு உண்டு.

பாதி அச்சாகி மின்சாரம் போன டிக்கெட் தனி வகை. இந்தப் பிரிண்டர்கள் பார்கோடு முழுவதும் அச்சாகி முடிந்ததா என்பதை மெஷினுக்குத் தனியாகத் தெரிவிக்கும். பார்கோடு முடியும் முன் தடைப்பட்டால் மெஷின் அதை அச்சாகாத டிக்கெட்டாகவே கொண்டு, பணத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் அல்லது ஹேண்ட் பே கேட்கும். பார்கோடு முடிந்த பிறகு தடைப்பட்டால், கீழ்ப்பகுதி வெறுமையாக இருந்தாலும் அது செல்லும் டிக்கெட். ஆகவே பாதி டிக்கெட்டைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், பார்கோட்டைப் பாருங்கள். கிழிந்திருந்தாலும் கவலை இல்லை. சரிபார்ப்பு எண் டிக்கெட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் அச்சாகியிருக்கும் என்பதால், 18 இலக்கங்களும் தெரிகிற ஒரு துண்டு கிடைத்தால் கேஜ் என்னும் பணக் கவுண்டரில் உள்ள காசாளர் கையால் தட்டிப் பார்த்துக்கொள்ள முடியும்.

வெற்று டிக்கெட் வருகிறது, அல்லது எழுத்து மங்கலாக இருக்கிறது

இது வெப்பக் காகிதம். மை கிடையாது. ஒரு பக்கத்தில் பூசியிருக்கும் வேதிப்பூச்சு சூடு பட்ட இடத்தில் கறுக்கும். நகக்கண்ணால் அழுத்திக் கீறிப் பாருங்கள்: கறுத்தால் அதுதான் அச்சுப் பக்கம். கறுக்காத பக்கம் தலையைப் பார்த்திருந்தால் கட்டு கவிழ்ந்திருக்கிறது. வெற்று டிக்கெட்டுக்கும் சர்வரில் பணப் பதிவு இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஒரே சீராக மங்கலாக இருந்தால் தலையைச் சுத்தம் செய்யுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். முழுவதும் உலர்ந்த பிறகே மூடியைப் பூட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டிய தலையை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தலை அன்றோடு சரி.

வெளியே வந்த பிறகு மங்குவதும் உண்டு. வடசேரியில் ஏறி, நடத்துநர் மெஷினில் தந்த சீட்டை வியர்த்த உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு மார்த்தாண்டம் போய் இறங்கியவருக்கு இது விளங்கும். பூச்சுக்கு ஈரமும் எண்ணெயும் ஆகாது. கை சுத்திகரிப்பான் தடவிய ஈரக்கையோடு டிக்கெட்டை எடுத்தால் அந்த இடம் கறுத்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் முழுவதும் கறுக்கும். அதை விளையாடுகிறவரின் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

டிக்கெட் நன்றாகத்தான் இருக்கிறது. எந்த மெஷினும் வாங்க மறுக்கிறது

இங்கே முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு மெஷினில் அச்சான டிக்கெட்டுகள் எல்லா மெஷின்களிலும் மறுக்கப்படுகின்றனவா, அல்லது எல்லா மெஷின்களின் டிக்கெட்டுகளும் ஒரே மெஷினில் மறுக்கப்படுகின்றனவா? முதலாவது என்றால் குற்றம் அச்சிட்ட பிரிண்டரில். இரண்டாவது என்றால் வாங்கும் வேலிடேட்டரில். இந்தக் கேள்வியைக் கேட்காமல் நல்ல வேலிடேட்டரைக் கழற்றிப் பிரித்துக்கொண்டிருந்த இரவுகள் எனக்கும் உண்டு.

பிரிண்டர் பக்கம் என்றால் பார்கோட்டைக் கூர்ந்து பாருங்கள். டிக்கெட் நீளவாக்கில் வெளியே வருகிறது. பார்கோட்டின் கோடுகளோ அகலவாக்கில், அதாவது அச்சுத் தலைக்கு இணையாக நிற்கின்றன. தலையில் மில்லிமீட்டருக்கு 8 வெப்பப் புள்ளிகள் வீதம் வரிசையாக உள்ளன. அவற்றில் ஒன்று எரிந்துபோனால் டிக்கெட்டின் நீளம் முழுவதும் மெல்லிய வெள்ளை இழை ஓடும். அது எல்லாக் கோடுகளையும் ஒரே இடத்தில் வெட்டிப் போகுமே தவிர, எந்தக் கோட்டையும் முழுவதும் அழிக்காது. ஆகவே வெள்ளை இழை பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பெரும்பாலும் வாசிக்கப்பட்டுவிடும். தலையை மாற்றுவதை மறுநாளைக்குத் தள்ளலாம்.

வாசிப்பைக் கெடுப்பது வேறொன்று: காகிதம் நகரும் வேகம். ரப்பர் உருளை தேய்ந்து வழுக்கினாலோ, அதில் பிசின் ஒட்டியிருந்தாலோ, கட்டு தட்டின் சுவரில் உரசி இழுபட்டாலோ, காகிதம் சில இடங்களில் தயங்கித் தயங்கிப் போகும். அப்போது கோடுகளின் தடிமனும் இடைவெளியும் மாறிவிடும். இந்தப் பார்கோடு வகையில் தகவல் இருப்பது அந்தத் தடிமனிலும் இடைவெளியிலும்தான். மெல்லிய கோடு, தடித்த கோடு, மெல்லிய வெளி, தடித்த வெளி என்ற நான்கையும் கொண்டே இலக்கங்கள் எழுதப்படுகின்றன. கண்ணுக்கு அழகாகக் கன்னங்கரேல் என்று இருக்கும் டிக்கெட்டும் இதனால் மறுக்கப்படும். நல்ல மெஷினின் டிக்கெட் ஒன்றை இதன்மேல் வைத்து, விளக்குக்கு நேரே பிடித்து, பார்கோட்டின் மொத்த நீளத்தை ஒப்பிடுங்கள். ஒரு மயிரிழை குறைந்திருந்தாலும் உருளையைத் துடைத்து மறுபடி சோதியுங்கள். ரப்பர் பால் காய்ந்த கையை மண்ணெண்ணெயில் துடைக்கும் நம்மூர்ப் பழக்கத்தை உருளையிடம் காட்ட வேண்டாம். எண்ணெய்ப் பதம் ரப்பரை வீங்கச் செய்யும்.

வேலிடேட்டர் பக்கம் என்றால் அதன் கண்ணாடிச் சாளரத்தில் தூசியோ, சிந்திய பானத்தின் சர்க்கரையோ படிந்திருக்கும். அது நோட்டுகளையும் சேர்த்து மறுக்கிறதா என்று பாருங்கள். நோட்டை வாங்கி டிக்கெட்டை மட்டும் மறுத்தால் அழுக்கைச் சந்தேகிக்க வேண்டாம். அமைப்பில் டிக்கெட் வாங்கும் வசதியே அணைக்கப்பட்டிருக்கலாம்.

ஒரு குறிப்பிட்ட டிக்கெட்டை மட்டும் இந்த மெஷின் துப்புகிறது. பக்கத்து மெஷின் வாங்குகிறது

டிக்கெட்டும் நல்லது, வேலிடேட்டரும் நல்லது. மெஷின் காரணத்தோடுதான் மறுக்கிறது. எஸ்.ஏ.எஸ். நெறிமுறையில் மறுப்புக்குத் தனித்தனிக் காரண எண்கள் உண்டு. ஸ்மிப்பின் பதிவேட்டில் அவற்றைப் பார்க்கலாம். டிக்கெட்டின் தொகை மெஷினின் கிரெடிட் உச்சவரம்பைத் தாண்டுவது ஒரு காரணம். பெரிய தொகை டிக்கெட்டைச் சிறு நாணய மதிப்பு மெஷினில் நுழைத்தால் இது நடக்கும். டிக்கெட்டின் தொகை அந்த மெஷினின் நாணய மதிப்பால் மீதியின்றி வகுபடாமல் இருப்பது இன்னொன்று: ஒரு சென்ட் மெஷினில் வாங்கிய 7 டாலர் 13 சென்ட் டிக்கெட்டை ஒரு டாலர் மெஷினில் போட்டால், மீதிச் சில்லறையை வைத்துக்கொள்ள அதற்கு இடமில்லை. கதவு சரியாக மூடாதிருந்தாலும், வேறொரு கேஷ் அவுட் பாதியில் நின்றிருந்தாலும் மறுக்கும். இவற்றில் எதற்கும் கருவி எடுக்க வேண்டியதில்லை. விளையாடுகிறவரைக் கேஜுக்கோ, டிக்கெட்டைப் பணமாக்கித் தரும் தானியங்கிப் பெட்டியான கியாஸ்குக்கோ அனுப்பிவைத்தால் போதும்.

எங்கே போட்டாலும் "நிலுவையில்" என்றே வருகிற டிக்கெட் வேறு கதை. முதலில் நுழைத்த மெஷின், டிக்கெட்டை வாயில் பிடித்துக்கொண்டு சர்வரிடம் அனுமதி கேட்டிருக்கும். சர்வர் அந்த எண்ணைப் பூட்டி அனுமதி அனுப்பியிருக்கும். அனுமதி வந்து சேரும் முன் நேரம் கடந்துபோய் மெஷின் டிக்கெட்டைத் திருப்பித் தந்திருக்கும். டிக்கெட் கையில் இருக்கிறது, பூட்டு சர்வரில் இருக்கிறது. சில அமைப்புகள் தாமாகவே சிறிது நேரத்தில் பூட்டை அவிழ்க்கும். அவிழாவிட்டால் மேற்பார்வையாளர் அவிழ்க்க வேண்டும். முதலில் நுழைத்த மெஷினில் கிரெடிட் ஏறவில்லை என்பதை அதன் பதிவேட்டில் நேரில் பார்த்து உறுதி செய்யாமல் பூட்டை அவிழ்க்கச் சொல்லக் கூடாது.

டிக்கெட்டை விழுங்கிவிட்டது, கிரெடிட் ஏறவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. வேலிடேட்டரின் பெட்டிக்குள் டிக்கெட் போய்விட்டதா, நடுவழியில் சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடுவழி என்றால் திறந்து எடுத்துக் கொடுங்கள். பெட்டிக்குள் போய்விட்டது என்றால் அந்தப் பெட்டியைத் திறக்கும் உரிமை பணம் எண்ணும் பிரிவுக்கு மட்டுமே உண்டு. நாம் அதைத் தொடக் கூடாது. மெஷினின் கடைசி டிக்கெட் பதிவேட்டையும் சர்வரின் பதிவையும் அருகருகே வைத்துப் பார்த்து, மெஷின் ஏற்றவில்லை என்று இரண்டும் ஒத்துச் சொன்னால் பணத்தைக் கையில் கொடுக்கச் செய்யலாம்.

எல்லா மெஷின்களும் ஒரே நேரத்தில் ஹேண்ட் பே கேட்கின்றன

ஒரு மெஷின் கேட்டால் அது மெஷினின் கோளாறு. வரிசை முழுவதும் கேட்டால் தொடர்பின் கோளாறு. நாற்பது பிரிண்டர்கள் ஒரே நிமிடத்தில் பழுதாவதில்லை. வரிசையிலுள்ள மெஷின்களை வலையோடு இணைக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா, வலைக்கம்பி பிடுங்கப்பட்டிருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். கம்பளத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் தூசி உறிஞ்சிக்காக ஸ்விட்சின் பிளக்கைப் பிடுங்கிய அனுபவம் இந்த வேலையில் எல்லோருக்கும் இருக்கும்.

தொடர்பு அறுந்ததை மெஷின் எப்படி அறிகிறது? ஸ்மிப்பிலிருந்து 5 நொடி வரை எந்த விசாரணையும் வரவில்லை என்றால் இணைப்பு போய்விட்டது என்று கொள்ளும். அதன் பிறகு என்ன நடக்கும் என்பது முன்பு சொன்ன இரண்டு முறைகளைப் பொறுத்தது. சர்வரிடம் எண் கேட்கும் முறையில் அடுத்த கேஷ் அவுட்டே ஹேண்ட் பே ஆகும். எண் இல்லாமல் டிக்கெட் இல்லை. மெஷினே எண்ணைக் கணக்கிடும் முறையில், தள விதிகள் இடம் கொடுத்தால், அது ஒன்றும் நடக்காததுபோல அச்சிட்டுக்கொண்டே போகும். ஆனால் அச்சிட்டவற்றின் பதிவுகளை யாரும் வந்து வாங்கவில்லையே! அவற்றை அது தன் நினைவில் 31 வரை மட்டுமே அடுக்கி வைக்கும். அது நிரம்பிய பிறகு டிக்கெட் கிடையாது. இதனால்தான் தொடர்பு மாலை ஏழு மணிக்கு அறுந்திருக்க, அறிகுறி ஒன்பது மணிக்கு, அதுவும் கூட்டம் அதிகமுள்ள மெஷின்களில் மட்டும் முதலில் தலைகாட்டும். "இரண்டு மணி நேரமாக நன்றாகத்தானே ஓடியது" என்று அட்டெண்டன்ட் சொன்னால் இதைத்தான் நினைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்து டிக்கெட்டுகள் சர்வருக்குத் தெரியாதவை. கேஜிலும் கியாஸ்கிலும் அவை மறுக்கப்படும். விளையாடுகிறவர்கள் கள்ள டிக்கெட் கொண்டுவந்தவர்களைப்போல நிற்பார்கள். இணைப்பு மீண்டதும் பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சர்வருக்குப் போய்ச் சேரும். அதுவரை மெஷின்களின் நினைவை யாரும் அழித்துவிடாமல் காவல் நிற்பதே டெக்னீஷியனின் வேலை. பொறுமையிழந்து மெஷினின் ரேமை அழிப்பவர் அந்தப் பதிவுகளையும் சேர்த்து அழிக்கிறார்.

ரேம் அழித்த மெஷின் ஒன்று மட்டும் தொடர்ந்து ஹேண்ட் பே கேட்டால் காரணம் எளிது: சர்வர் கொடுத்து வைத்த அடையாள எண்ணும் வரிசை எண்ணும் போய்விட்டன. தனக்கு அடையாள எண் இல்லை என்று மெஷின் முறையிட்டுக்கொண்டே இருக்கும். ஸ்மிப் அதைக் கேட்டு மீண்டும் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, மெஷினின் எஸ்.ஏ.எஸ். முகவரி பழைய எண்ணுக்கே வைக்கப்பட்டிருக்கிறதா? அது 1 முதல் 127 வரை எதுவாகவும் இருக்கலாம். ஸ்மிப் எதிர்பார்க்கிற எண்ணாக இருக்க வேண்டும். மற்றொன்று, பல மெஷின்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்பு வழிகள் உண்டு. டிக்கெட் சரிபார்ப்புப் பொறுப்பு எந்த வழிக்கு என்று அமைப்புப் பட்டியலில் தனியாகச் சொல்ல வேண்டும். ரேம் அழிந்தால் அந்தத் தேர்வு தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். மீட்டர் கணக்குகள் எல்லாம் சர்வருக்கு ஒழுங்காகப் போகும், டிக்கெட் மட்டும் வராது என்றால் இதுதான்.

எல்லா ஹேண்ட் பேயும் கோளாறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். டிக்கெட்டுக்கு ஓர் உச்சத்தொகை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் மெஷின் வேண்டுமென்றே பூட்டிக்கொள்ளும். அமெரிக்க விதிகளில் நெடுங்காலம் ஒரே ஆட்டத்தில் 1,200 டாலரும் அதற்கு மேலும் வென்றால் வரிப் படிவம் எழுத வேண்டியிருந்தது என்பதால், அந்தத் தொகையிலும் மெஷின் நின்றுவந்தது. பூட்டிய மெஷினில் ஒரு பெரிய வெற்றி மின்னிக்கொண்டிருந்தால் ஸ்விட்சைத் தேடி ஓட வேண்டாம்.

டிக்கெட்டில் உள்ள நேரம் தவறாக இருக்கிறது

கப்பலில் மட்டுமே அடிக்கடி வருகிற அறிகுறி இது. கப்பல் மேற்கே போகப் போகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். சர்வரின் கடிகாரம் மாறும். சர்வர் அந்த நேரத்தை ஸ்மிப் வழியாக மெஷினுக்குச் சொல்லும். துறைமுகத்தில் காசினோ மூடியிருக்கும் நேரத்தில் மெஷின்களை அணைத்து வைத்திருந்தால், அந்தச் செய்தி சில மெஷின்களுக்குப் போய்ச் சேராமல் பழைய மணியிலேயே நிற்கும். டிக்கெட் செல்லும்; சர்வர் தன்னிடமுள்ள பதிவு நேரத்தையே பார்ப்பதால் பணம் எங்கும் போகவில்லை. ஆனால் ஒரு முறையீடு வந்து பதிவேட்டைப் பார்க்கும்போது, பணமாக்கிய நேரம் அச்சிட்ட நேரத்துக்கு முந்தியதாகத் தெரியும். எதையும் திருத்துவதற்கு முன் மெஷினின் அமைப்புப் பட்டியலில் உள்ள மணியையும் சர்வரின் மணியையும் ஒரே தாளில் எழுதி, உங்கள் கைக்கடிகாரத்து மணியையும் அருகில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பிறகு ஸ்மிப்பை ஒருமுறை அணைத்து எழுப்பினால் பெரும்பாலும் புதிய மணி இறங்கிவிடும். இறங்கிய பிறகு ஒரு சோதனை டிக்கெட்டை அச்சிட்டு அந்தத் தாளோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.